ராஜாவுக்கு என் முகம்

தம்பி, அந்தப் பக்கம் உட்காராதீங்க. படகு திரும்பும்போது பாய்மரக் கட்டை வந்து மண்டையில அடிக்கும். போன தடவை ஒரு வெங்காய வியாபாரியை ஆத்துல தள்ளி விட்டுடுச்சு. இங்க வாங்க, நிழலா இருக்கு. பையை இப்படிக் கொடுங்க. அடேயப்பா, என்ன கனம்! கயிறு, உளி, சுத்தியல்... கிணறு வெட்டுறவரா? அப்படிச் சொல்லுங்க. விளக்குத் திரி வேற வச்சிருக்கீங்களே. ஆமாமா, ஆழமாப் போனா இருட்டாத்தானே இருக்கும்.

கிழக்குக் கரைக்கு, பட்டணத்துக்குத்தானே? நாங்களும் அங்கதான். நல்லவேளை, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. இவ என் சம்சாரம், மெரெத். படகுல ஏறினதும் கண்ணை மூடிடுவா. நாம என்ன பேசினாலும் அவ காதுல விழாது.

அவ மடியில இருக்கே மூட்டை, அது பூரா அவ கையால நெய்த துணி. ராத்திரி பகல்னு பாக்காம நெய்தா. எதுக்குத் தெரியுமா? பட்டணத்துல தச்சர் வீதியில கொடுத்துட்டு, பதிலுக்கு ஒரு மரப்பெட்டி வாங்கப் போறாளாம். எனக்குத்தான். நான் செத்தா என்னை வைக்கிறதுக்கு. இருமுறேன் பாருங்க, போன வருஷத்துலேர்ந்து அதுல ரத்தம் வருது. அதைப் பாத்ததுலேர்ந்து பெட்டி, பெட்டின்னு உயிரை எடுக்கிறா. சுண்ணாம்பு பூசின அத்திமரப் பெட்டி! எனக்கு!

எனக்குச் சிரிப்பா வருது தம்பி. எனக்கு வச்சிருக்கிற பெட்டி தங்கம்.

பாத்தீங்களா, தங்கம்னதும் நிமிந்து உட்கார்றீங்க. எல்லாரும் அப்படித்தான். ஆனா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. காதும் காதும் வச்ச மாதிரி இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்கேன். போன மாசம் ஒரு உப்பு வியாபாரிகிட்ட லேசாச் சொன்னேன். அதுக்கு முன்னாடி வாத்து வாங்க வந்த ஒரு ஆள்கிட்ட. அவ்வளவுதான். என்ன ஜாடி அது, வாற்கோதுமைக் கள்ளா? வேண்டாம் தம்பி, இருமலுக்கு ஆகாது. சரி, நீங்க ஆசையா நீட்டுறீங்க, ஒரு வாய்.

என் பேரு ஹாப்பு. இப்ப பாத்தா நாணல் காட்டுல வாத்து மேய்க்கிறவன் மாதிரி இருக்கேன். ஒரு காலத்துல நான் ராஜாவுக்குச் செருப்புத் தூக்கினவன். சிரிக்காதீங்க. இந்த எகிப்து பூமியில ராஜான்னா கண்ணால பாக்குற தெய்வம். மந்திரி, தளபதி, பூசாரி, யாரா இருந்தாலும் தரையை முத்தமிட்டுட்டு எட்டத்தான் நிக்கணும். ராஜாவோட காலைத் தினமும் கையில பிடிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். அந்தச் செருப்போட அடியில எதிரி தேசத்து ராஜாக்களையெல்லாம் கையைக் கட்டின மாதிரி வரைஞ்சு வச்சிருப்பாங்க. நம்ம ராஜா ஒவ்வொரு அடி வைக்கிறப்பவும் அவனுங்க மிதிபடணும். சாயங்காலம் நான் அவனுங்க மூஞ்சியைத் துடைச்சு வைப்பேன். எத்தனை ராஜாக்கள் மூஞ்சியைத் துடைச்ச கை இது!

நான் சொல்றது சின்ன ராஜாவோட காலம். பல்லு விழுந்து முளைக்கிற வயசுலயே சிம்மாசனத்துல ஏத்திட்டாங்க. கால் தரைக்கு எட்டாது, கீழ ஒரு முக்காலி போடுவோம். நாட்டை நடத்தினது பெரிய மந்திரி. அவர் மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல தம்பி. எந்நேரமும் சிரிச்ச முகம். எனக்குன்னு இல்ல, தோட்டக்காரன் மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னாக்கூட ஞாபகமா விசாரிப்பார்.

சின்ன ராஜாவுக்கு என்மேல பிரியம். இந்தப் புருவத்துல வெட்டு இருக்கு பாருங்க, இது அவர் போட்டது. ஒரு நாள் காய் உருட்டுற விளையாட்டுல தோத்துட்டார், கோபத்துல பலகையைத் தூக்கி எறிஞ்சார். ரத்தத்தைப் பாத்ததும் அவரே அழுதுட்டார். மெரெத் அப்ப அரண்மனை அடுக்களையில ரொட்டி சுடுறவ. தேன் ரொட்டி கொண்டுவந்து ஊட்டி அழுகையை நிறுத்தினா. அதுலேர்ந்து ராஜா அவளைத் தேடி அடுக்களைக்கே ஓடிடுவார். எங்களுக்குப் புள்ள கிடையாது. அதனால அவ கொஞ்சம் அதிகமாவே... சரி, அதை விடுங்க.

வளந்து மீசை அரும்புற வயசு வந்ததும் சின்ன ராஜாவுக்குக் கொஞ்சம் துடுக்கு வந்துடுச்சு. மந்திரி நீட்டுற எதுலயும் முத்திரை குத்த மாட்டேன்னார். "முதல்ல படிச்சுக் காட்டுங்க"ன்னார். மந்திரி சிரிச்சுக்கிட்டே படிச்சுக் காட்டுவார். அப்புறம் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு வறுத்த வாத்தைக் கையில கொடுத்து, "ஹாப்பு, செருப்பு மாட்டும்போது ராஜா என்ன பேசுறார்? அவர் மனசு எனக்குத் தெரிஞ்சாத்தானே நல்லது கெட்டது செய்ய முடியும்?"னு கேப்பார். எவ்வளவு அக்கறை பாருங்க! நான் ஒண்ணு விடாமச் சொல்லுவேன். மெரெத் மட்டும், "உனக்கு ஓட்டை வாய், அதுல வாத்தை வச்சு அடைக்கிறார் அந்த மனுஷன்"னு திட்டுவா. திட்டிக்கிட்டேதான் அவளும் தின்னா.

ஒரு நாள் காலையில நான் குனிஞ்சு வார் மாட்டிக்கிட்டு இருக்கேன். ராஜா என் தோள்ல கையை வச்சு மெதுவாச் சொன்னார்: "ஹாப்பு, வெள்ளம் வடியட்டும். கிழவரை அவர் ஊருக்கு அனுப்பிடப் போறேன். யார்கிட்டயும் சொல்லாதே."

நான் யார்கிட்டயும் சொல்லலை. மந்திரிகிட்ட மட்டும் சொன்னேன். அவரைப் பத்தின விஷயம், அவர்கிட்டச் சொல்லாம இருந்தா நல்லாயிருக்குமா? அவர் கோபப்படுவார்னு நெனச்சேன். இல்லையே! என் கன்னத்தைத் தட்டி, விரல்ல கிடந்த மோதிரத்தைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டார். "நாளைக்கு ராஜா நெருப்புக்கோழி வேட்டைக்குப் போறாராமே. பாதை மோசம். ரதத்தைச் சாயங்காலம் என் வீட்டுக் கொட்டடிக்குக் கொண்டுவா. என் ஆளுங்க சக்கரத்துக்குக் கொழுப்புத் தடவித் தரட்டும்"னார். தன்னை வேலையை விட்டு அனுப்பப் போற புள்ளையோட ரதத்துக்குக் கொழுப்புத் தடவித் தர்ற மனசு யாருக்கு வரும், சொல்லுங்க! நானே குதிரையைப் பிடிச்சு ஓட்டிக்கிட்டுப் போனேன்.

மறுநாள் வேட்டையில சக்கரம் கழண்டுடுச்சு. பாறைமேல முகம் குப்புற விழுந்தார். விதி தம்பி. எவ்வளவு கொழுப்புத் தடவினாலும் விதி வந்தா நிக்காது.

இன்னும் ஒரு வாய் கொடுங்க. நான்தான் அவரைத் தூக்கிட்டு வந்தேன். ஒரு கால்ல செருப்பு இல்ல. அதைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டேன், வெறுங்காலோட அரண்மனைக்குள்ள வரக் கூடாதேன்னு. முகம்தான்... முகம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. மெரெத் பாத்துட்டு அலறினாளே, அந்தக் குரலை நான் அதுக்கப்புறம் கேட்டதில்ல. கேக்கவும் வேண்டாம்.

இனிமேதான் என் கதையே ஆரம்பிக்குது.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. மனுஷன் செத்தா உயிர் பறவையாப் பறக்கும். பகல் பூராச் சுத்திட்டு, இருட்டினதும் சமாதிக்குத் திரும்பி வந்து, அதோட முகத்தைத் தேடி உடம்புல சேரணும். அதுக்காகத்தான் உடம்பைக் கெடாமச் சுத்தி, மேல முகத்தைச் செஞ்சு வைக்கிறோம். முகம் அடையாளம் தெரியலைன்னா பறவை அலைய வேண்டியதுதான். பசியும் தாகமுமா அலையும். நமக்கெல்லாம் துணியும் சுண்ணாம்பும் ஒட்டின அட்டையில முகம். ராஜாவுக்குத் தங்கத்துல.

அந்தத் தங்க முகத்துக்குத்தான் சிக்கல் வந்துச்சு. அரண்மனைப் பொற்கொல்லர் கெமு நல்ல வேலைக்காரர். அவர் சொன்னார், "கோயில்ல சின்ன ராஜாவோட சிலை இருக்கு. அதைப் பாத்து அச்சு அசலாச் செஞ்சுடுறேன்." மந்திரி தலையை ஆட்டினார். "கல்லைப் பாத்துச் செஞ்சா கல்லு மாதிரிதான் வரும். உயிருள்ள முகம் வேணும்"னார். அப்படியே கூட்டத்தை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தார். அத்தனை பேர் நிக்கிறாங்க. ராஜாவோட பெரியப்பா புள்ளைங்க, சித்தப்பா புள்ளைங்க, அதே மூக்கு, அதே கண்ணு. அவங்களையெல்லாம் தாண்டி வந்து என் தாடையைப் பிடிச்சுத் தூக்கினார். "இதோ"ன்னார்.

எனக்குத் தலைகால் புரியலை தம்பி! இப்ப தாடிக்குள்ள தெரியாது. அப்ப நான் மூக்கும் முழியுமா இருப்பேன். இருந்தாலும் ராஜாவுக்கும் எனக்கும் ஒரு ஒத்துமையும் கிடையாது. அவருக்கு நீள முகம், எனக்கு உருண்டை. கெமு அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மந்திரி சிரிச்சுக்கிட்டே அவரைப் பாத்தார். கெமு வாயை மூடிட்டார்.

அப்புறம் தினமும் பட்டறையில போய் உட்காருவேன். கெமு என் முகத்தைக் களிமண்ணுல எடுத்து, மெழுகுல எடுத்து, கடைசியில தங்கத் தகட்டை வச்சுத் தட்டினார். என் காது, என் உதடு, என் தாடையில இந்தக் குழி, எல்லாம் அப்படியே. புருவத்து வெட்டைப் பூசி மெழுகிடலாம்னு கெமு பாத்தார். "அதுவும் இருக்கட்டும்"னு சொல்லிட்டார் மந்திரி. நுணுக்கத்துல அப்படி ஒரு ஆர்வம் அவருக்கு. கண்ணுக்கு வெள்ளைக் கல்லும் கருப்புக் கல்லும் பதிச்சு, புருவத்துக்கு நீலக் கல் வச்சு, அன்னிக்கு வெயில்ல கொண்டுவந்து காட்டினாங்க. என்னை நானே பாத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் மெரெத்கிட்டச் சொன்னேன். அவ மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்தலை. "அப்ப அந்தப் புள்ள எங்க போவான்?"னு கேட்டா.

"எந்தப் புள்ள?"

"பறவையாத் திரும்பி வருவான்ல. வந்து பாத்தா உன் மூஞ்சி இருக்கும். 'ஹாப்பு, என் செருப்பு எங்கே?'ன்னு கேட்டுட்டு வெளியே போயிடுவான். அப்புறம் எங்க போவான்?"

பொம்பளைங்களுக்கு எதைச் சொன்னாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும். இன்னொண்ணும் சொன்னா. பறவை உடம்புல சேர்ந்தாத்தான் தெய்வங்களோட சபையில போய் நின்னு, எனக்கு இன்னது நடந்துச்சுன்னு சொல்ல முடியுமாம். சேராட்டி சாட்சியே இல்லையாம். நான் கேட்டேன், என்னடி நடந்துச்சு? சக்கரம் கழண்டுச்சு. அதைச் சொல்றதுக்கு ஒரு சாட்சியா? அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு போடலை.

அடக்கத்தன்னிக்குக் கூட்டம் தாங்கலை. செத்தவங்க வாயைத் திறந்து விடுற சடங்கு தெரியும்ல? சிறுத்தைத் தோலைப் போத்திக்கிட்டு, தச்சர் மரம் செதுக்குற வாச்சியால உதட்டைத் தொட்டு, இனிமே நீ தின்னலாம், பேசலாம்னு சொல்றது. அதை யார் செய்றாங்களோ அவங்கதான் வாரிசு, அவங்கதான் அடுத்த ராஜா. சின்ன ராஜா வாரிசாக் குறிச்சு வச்ச தளபதிக்குத்தான் அந்த உரிமைன்னு சிலர் முணுமுணுத்தாங்க. தளபதி எல்லைச் சண்டையில இருந்தார். அவருக்குச் சேதி சொல்ல மந்திரி அனுப்பின ஆள் பாவம், வழி தப்பிட்டான் போல. அதனால மந்திரியே அந்தப் பாரத்தைத் தன் தலைமேல போட்டுக்கிட்டார். சிறுத்தைத் தோலும் அவர் அளவுக்கு முன்னாடியே தைச்சு வச்சிருந்தாங்க, நல்லவேளை. வாச்சியை எடுத்து என் உதட்டைத் தொட்டார். அதாவது தங்க உதட்டை. பக்கத்துல நின்ன எனக்குக் கூசிச்சு.

ராணி வந்தாங்க. சின்னப் பொண்ணு. முகமூடியைப் பாத்துட்டு, "இது அவர் இல்லை"ன்னாங்க. சத்தமாவே சொன்னாங்க. அப்புறம் மெதுவாத் திரும்பி என்னையே பாத்தாங்க. என் அழகுல அசந்துட்டாங்கன்னு நெனச்சு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "துக்கத்துல கண்ணு மங்கிப் போச்சு"ன்னு மந்திரி சொன்னார், தோழிங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த மாசமே ராணியும் காய்ச்சல்ல போயிட்டாங்க. அந்த வருஷம் அரண்மனைக்கே போதாத காலம்.

உள்ள என்ன வச்சாங்கன்னா கேக்கிறீங்க? கேளுங்க. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு! பசு முகம் வச்ச தங்கக் கட்டில். பிரிச்சு அடுக்கின ரதங்க. தேன் ஜாடி, திராட்சை மது, வறுத்த வாத்து. தந்தத்துல விளையாட்டுப் பலகை. பெட்டி பெட்டியாச் செருப்பு, அதை நானே அடுக்கினேன். அப்புறம் வேலைக்காரப் பொம்மைங்க. மேல் உலகத்துல யாராவது, "வா, வந்து வயல்ல மண்ணைச் சுமந்து கொட்டு"ன்னு கூப்பிட்டா, "இதோ இருக்கேன்"னு நமக்குப் பதிலா எந்திரிச்சுப் போகுமே, அது. ஒரு படைக்குப் போதும், அவ்வளவு.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. நான் சாவேன். என் உயிர் பறவையாப் பறக்கும். தன் முகத்தைத் தேடும். எங்க இருக்கு என் முகம்? அங்கதான் இருக்கு, தங்கத்துல! நேராப் போய் இறங்குவேன். அந்தக் கட்டில் எனக்கு. அந்த ரதம் எனக்கு. பொம்மைங்க எனக்குச் செருப்பு மாட்டிவிடும். கோடி வருஷத்துக்கு ராஜ வாழ்வு. இதை விட்டுட்டு நான் அத்திமரப் பெட்டியில படுக்கணுமாம். பக்கத்து வீட்டுக்காரனெல்லாம் வாழ்நாள் பூரா உழைச்சுத் தனக்கொரு குழி வெட்டிக்கிட்டான், பெட்டி செஞ்சுக்கிட்டான். நான் ஒரு துரும்பைக்கூடச் சேர்க்கலை. எனக்கெதுக்கு?

என்ன, மந்திரி எனக்கு என்ன செஞ்சாரா? அவர் ராஜாவானதும் முதல் உத்தரவே என்னைப் பத்தித்தான். ராஜ வாத்துகளின் மேற்பார்வையாளர்! ஆத்தோட கடைசியில நாணல் காட்டுல வேலை. பட்டணத்துப் பக்கமே வரக் கூடாது, வாத்துங்க ஏங்கிப் போயிடும்னார். அப்புறம் "தாடி வளர்த்துக்கோ ஹாப்பு, அங்க வெயில் ஜாஸ்தி, அந்த நல்ல முகம் கருத்துப் போகும்"னார். நாட்டுல ஒருத்தனும் தாடி வைக்கிறதில்ல, எனக்கு மட்டும் ராஜ உத்தரவு. முகத்தைச் செஞ்ச கெமுவுக்குக்கூட ஏதோ தூரத்துச் சுரங்கத்துல பெரிய பதவி கொடுத்து அனுப்பினார். அவர் அங்கேயே தங்கிட்டார், திரும்பி வரலை.

அந்த நாணல் காட்டுலதான் மெரெத்துக்கு இந்தப் பறவைப் பைத்தியம் பிடிச்சுச்சு. பொழுது சாயும்போது எங்க சுவத்துல ஒரு பறவை வந்து உட்காரும். எந்த ஜாதியோ, எனக்கு வாத்தைத் தவிர வேற எதுவும் தெரியாது. வந்து என் மூஞ்சியையே பாக்கும். நான் கல்லெடுத்து எறிவேன். அவ ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்குவா. தேன் ரொட்டியைப் பிட்டுச் சுவத்துமேல வச்சு, "இங்க இல்லடா கண்ணு, இங்க இல்ல"ன்னு அதுகிட்டப் பேசுவா. அவ அப்படிப் பேசுறதைக் கேக்க எனக்கு ஆகாது தம்பி. எந்திரிச்சு வாத்துங்ககிட்டப் போயிடுவேன்.

போன வருஷம் ஒரு நாள் தறியில உட்கார்ந்துக்கிட்டே சொல்றா: "அந்தத் தங்கத்தை யாராவது ஒருத்தன் கழட்டிட்டுப் போனாத்தான் அவனுக்கு விடிவு. அதுக்குக் கீழ அவன் முகம் இருக்குல்ல? நசுங்கியிருந்தாலும் அவன் முகம்." என் பொண்டாட்டி சொல்றா, தம்பி! கழட்டிட்டுப் போனா நான் எங்க போவேன்? எனக்கு ஒரு நாள் பூரா அவகூடப் பேச்சில்ல.

இல்ல தம்பி, இடத்தை மட்டும் கேக்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கேன். கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். நல்ல கள்ளு இது... எந்த ஊர் வாற்கோதுமை? மேற்குக் கரையில ராஜாக்கள் பள்ளத்தாக்குன்னா எல்லாருக்கும் தெரியும், அதைச் சொன்னா சத்தியம் மீறினதா ஆகாது. ஆனா இது சின்ன சமாதி. மத்ததெல்லாம் மலைமேல வாசல் வச்சிருக்கும். இதுக்குத் தரையில படிக்கட்டு. ரெண்டாப் பிளந்து கழுதைக் காது மாதிரி ஒரு வெள்ளைப் பாறை நிக்கும் பாருங்க, அதோட நிழல் மத்தியானத்துல எங்க விழுதோ அங்க. மேல வேலைக்காரங்க போட்டுட்டுப் போன பழைய குடிசைங்க. ரெண்டாவது குடிசை அடுப்புக்கு நேர் கீழ முதல் படி. அவ்வளவுதான் சொல்லுவேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராது.

காவலா? எதுக்குக் காவல்? காவல் போட்டா இடம் தெரிஞ்சுபோகும்னு மந்திரி போடலை. இப்ப அவரும் போய்ச் சேர்ந்துட்டார். தளபதிதான் ராஜா. அவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவும் நேரமில்ல. என் முகம் அங்க இருட்டுல பத்திரமா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. அதை நெனச்சாத்தான் எனக்கு இந்த ரத்தத்தைப் பாத்து பயமே வரலை. இல்லாட்டி... ராத்திரியில மூச்சு முட்டி எந்திரிச்சு உட்காருவேன் தம்பி. கண்ணை மூடி அந்தத் தங்கத்தை நெனப்பேன். மூச்சு வந்துடும்.

என்ன, படகுக்காரர் துடுப்பை மாத்திப் போடுறார்? ஏம்பா, கிழக்குக் கரை அந்தப் பக்கம்! யாருக்காக மேற்கே ஒதுக்கிறே? இந்தத் தம்பி இறங்கணுமா? தம்பி, பட்டணம்னு சொன்னீங்களே. இங்க செத்தவங்களைத் தவிர யாரும் இல்ல. செத்தவங்களுக்கு எதுக்குக் கிணறு? சரி, உங்க தொழில் உங்களுக்குத் தெரியும். பையைப் பாத்து எடுங்க. என்ன என் மூஞ்சியையே இப்படிப் பாக்கிறீங்க? பாக்கணும்னா இப்படித் தாடியை ஒதுக்கிக்கிட்டுப் பாருங்க. இந்தப் புருவத்து வெட்டு இருக்கே, அங்கயும் அதே மாதிரி இருக்கும். அதை வச்சே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்.

அட, மெரெத் எந்திரிச்சுட்டா. என்னடி, மூட்டையை எதுக்கு இங்க அவுக்கிறே? பட்டணத்துக் கரை இன்னும் வரலைடி. அது... அது என் முகத்துக்குன்னு நீ நெய்த துணியாச்சே. தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கும் தம்பி, ஒரு வருஷம் அதை மட்டும் நெய்தா. அதை எதுக்கு இவர்கிட்டக் கொடுக்கிறே? கொடுத்தா எனக்கு?

"மத்தது இருக்கு. உனக்கும் பெட்டிக்கும் அது போதும். இது அந்தப் புள்ளைக்கு."

எந்தப் புள்ளைக்கு? இவ தூக்கக் கலக்கத்துல உளர்றா தம்பி, மனசுல வச்சுக்காதீங்க.

"தம்பி, மேல இருக்கிறதை நீங்க எடுத்துக்குங்க. எடுத்ததும் இந்தத் துணியை விரிச்சு அவன் முகத்துமேல போட்டுட்டு வாங்க. முரட்டுத்தனமா இழுத்துடாதீங்க. ஏற்கெனவே அடிபட்ட முகம்."

என்னடி சொல்றே நீ? யார் முகம்? எதை எடுக்கிறது? அவர் கிணறு வெட்டப் போறார்டி.

தம்பி. நீங்க எதுக்குத் தலையாட்டுறீங்க? தம்பி!